கம்பைல் செய்தால் கணினி பறக்குமா? – கேள்வி பதில்

பழைய கணினிகளுக்கு ஏற்ற எளிய லினக்ஸ் வகைகளைப் பற்றி எழுதப்போய், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பலர் நேராக மூலநிரலிலேயே கை வைத்து, அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் ‘கம்பைல்’ வேலையில் இறங்கிவிட்டார்கள் என்பது வந்திருக்கும் கேள்விகளில் தெரிகிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

ஐயா, கடையில் கணக்குப் பார்க்கும் கணினிக்கு 2 ஜிபி ராம். ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் போட்டிருக்கிறேன். லினக்ஸின் மையமான கெர்னலை நாமே கம்பைல் செய்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று என் மருமகன் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

மருமகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அவர் சொல்வதுபோல் நடக்காது. கெர்னலோடு, சாதனங்களை இயக்கும் டிரைவர்கள் ஆயிரக்கணக்கில் வருவது உண்மைதான். அவற்றில் பெரும்பாலானவை மாட்யூல்களாக, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் தனித்துண்டுகளாக, வட்டில் சும்மா கிடக்கின்றன. உங்கள் கணினியில் இருக்கும் சாதனங்களுக்கு உரியவை மட்டுமே நினைவகத்தில் ஏறுகின்றன. கிடப்பதை வெட்டி எறிந்தால் வட்டில் கொஞ்சம் இடம் மிச்சமாகுமே தவிர, பில் போடும் வேகம் கூடாது.

உங்கள் 2 ஜிபியை விழுங்குவது பெரும்பாலும் உலாவிதான். நினைவகத்திலேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ராம் வசதியை இயக்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கெர்னலைக் கம்பைல் செய்ய நியாயமான காரணங்கள் வேறு. உங்கள் சாதனத்துக்கான டிரைவர் புதிய கெர்னலில்தான் இருக்கிறது என்பது ஒன்று. ரியல்டெக் 8821சியூ சில்லு உள்ள யூஎஸ்பி வைஃபை அடாப்டர்களுக்கு 6.2 கெர்னலிலிருந்துதான் உள்ளேயே டிரைவர் உண்டு. 6.1இல் இருப்பவர் அதற்காக மெனக்கெடுவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதுகூடப் புதிய கெர்னல் ஆயத்தமாகவே கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கற்றுக்கொள்ளும் ஆசை இன்னொரு காரணம், அதுவும் நல்ல காரணம்தான். ஆனால் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் கடைக் கணினியில் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டாம்.

ஐயா, எஸ்பிஎம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். பழைய ஒன் மலேசியா நெட்புக் ஒன்று இருக்கிறது. கற்றுக்கொள்வதற்காகவே கெர்னலைக் கம்பைல் செய்து பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?
– மாணவி, ஜாலான் லிந்தாங்

தாராளமாகச் செய்யலாம், அம்மா. முதலில் ‘எல்எஸ்சிபியூ’ என்ற கட்டளையைக் கொடுத்து உங்கள் செயலி 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். அந்தத் தலைமுறை நெட்புக்குகளில் இரண்டும் கலந்து கிடக்கும். இன்டெல் ஆட்டம் என்270 என்றால் 32 பிட் மட்டும்தான், என்450 என்றால் 64 பிட்டும் ஓடும். 2025இல் வந்த டெபியன் லினக்ஸின் 13ஆம் பதிப்புக்கு 32 பிட் நிறுவியே கிடையாது. ஆகவே எந்த இயங்குதளத்தின்மேல் வேலை செய்யப்போகிறோம் என்பதை இந்த ஒரு விவரமே தீர்மானித்துவிடுகிறது.

அடுத்தது, கம்பைல் வேலையை நெட்புக்கிலேயே செய்யாதீர்கள். ஆட்டம் செயலிக்கு அது பெரிய தண்டனை. அண்ணனிடமோ தோழியிடமோ ஓரளவு புதிய மடிக்கணினி இருந்தால் அதில் செய்து, விளைந்த கெர்னலைப் பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம். நெட்புக்கிலிருந்து அங்கே இரண்டு கோப்புகள் போனால் போதும். ஒன்று, பூட் கோப்புறையில் ‘கான்ஃபிக்’ என்று தொடங்கும் கோப்பு. தற்போதைய கெர்னல் எந்தத் தெரிவுகளோடு உருவானது என்ற பட்டியல் அது. மற்றொன்று ‘எல்எஸ்மோட்’ கட்டளை தரும் விடை, அதாவது இந்த நிமிடம் ஏறியிருக்கும் மாட்யூல்களின் பட்டியல். இவற்றைக் கொடுத்து ‘மேக் லோக்கல்மோட்கான்ஃபிக்’ கட்டளையை ஓட்டினால், நெட்புக்குக்கு வேண்டாத ஆயிரக்கணக்கான டிரைவர்களை அதுவே கழற்றிவிடும். கம்பைல் நேரம் பல மடங்கு குறையும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்தக் கட்டளைக்குத் தெரிந்ததெல்லாம் பட்டியல் எடுத்த நேரத்தில் செருகியிருந்த சாதனங்கள் மட்டுமே. பிரிண்டர் செருகவில்லை என்றால் பிரிண்டர் டிரைவர் போய்விடும். பென்டிரைவும் அப்படித்தான். புதிய கெர்னல் அழகாக ஏறும், பென்டிரைவைச் செருகினால் ஒன்றும் நடக்காது. ஆகவே பட்டியல் எடுக்கும் முன் வீட்டிலுள்ள மவுஸ், வெப்கேம், பிரிண்டர், கைப்பேசியின் யூஎஸ்பி கம்பி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் செருகி எடுங்கள். பென்டிரைவை ஒருமுறை திறந்து கோப்பைப் பாருங்கள், அதன் கோப்பு முறைக்கான மாட்யூலும் ஏறிவிடும். ஒரு பாட்டை ஒலிக்கவும் விடுங்கள்.

பிறகு ‘மேக் மெனுகான்ஃபிக்’ திரையில், பிழை தேடுவோருக்கான டீபக் தகவலை அணையுங்கள். இதை விட்டுவிட்டால் முழு கெர்னலுக்குப் பத்து ஜிபிக்கு மேல் இடம் தின்னும், பூட் பகுதியும் நிரம்பி வழியும். டெபியனின் கட்டமைப்பை எடுத்துக்கொண்டவர்களுக்கு நம்பகச் சான்றிதழ்க் கோப்பு இல்லை என்று தொடக்கத்திலேயே வேலை நிற்கும். ‘சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்’ என்ற வரியைக் காலியாக்கிவிட்டால் சரியாகிவிடும்.

தேவையான பொதிகள்: பில்ட்-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ். கடைசியில் ‘மேக் பின்டெப்-பிகேஜி’ என்று கொடுங்கள். கெர்னல் ஒரு டெப் பொதியாகவே வெளிவரும். பிடிக்காவிட்டால் மற்ற பொதிகளைப்போல் நீக்கிவிடலாம். பழைய கெர்னலை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள்.

புதிய கெர்னலில் ஏறினால் ‘அன்னோன் பிளாக் 0,0’ என்று திரை நின்றுவிடுகிறது. வட்டு கெட்டுவிட்டதா?
– தொழிற்சாலை ஊழியர், கோலகங்சார்

வட்டு நன்றாகத்தான் இருக்கும், பழைய கெர்னலில் ஏறிப் பாருங்கள். அந்த இரண்டு சுழியங்களுக்கும் பொருள், வட்டு இருப்பதே கெர்னலுக்குத் தெரியவில்லை என்பது. தொடக்கத்தில் வேண்டிய டிரைவர்களைத் தாங்கி வரும் சிறு கோப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை நீங்கள் உருவாக்காமல் விட்டிருக்கலாம். அதோடு, வட்டை இயக்கும் சாட்டா டிரைவரும் எக்ஸ்ட்4 கோப்பு முறையும் மாட்யூலாக இருக்கலாம். வட்டைத் திறக்கும் சாவி வட்டுக்குள்ளேயே கிடக்கிறது என்ற நிலை அது. இரண்டையும் மாட்யூல் என்பதிலிருந்து மாற்றி கெர்னலுக்குள்ளேயே சேருங்கள், அல்லது இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்குங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் ஏறும் கெர்னலுக்குக் கோப்பு முறையின் யூயூஐடி எண் புரியாது. கணினி ஏறும்போது வரும் கிரப் பட்டியலில் மூலப் பகிர்வை அந்த எண்ணால் குறித்திருந்தால், பகிர்வின் எண்ணான பார்ட்யூயூஐடிக்கு மாற்ற வேண்டும்.

ஒரு மென்பொருளைக் கம்பைல் செய்யும்போது ‘கில்ட்’ என்று ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறது. நிரலில் பிழையா?
– வாசகர், சிம்மோர்

நிரலில் பிழை இல்லை, நினைவகம் தீர்ந்துவிட்டது. கெர்னலே கம்பைலரைக் கொன்றிருக்கிறது. ‘டிமெஸ்ஜி’ (dmesg) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று எழுதியிருக்கும். சி++ கோப்புகள் சில, ஒற்றைக் கோப்புக்கே ஒரு ஜிபி கேட்கும். ‘மேக் -ஜே4’ என்று கொடுத்தால் நான்கு கோப்புகள் ஒன்றாக ஓடும், கணக்கு நீங்களே போடுங்கள். ‘-ஜே1’ கொடுத்து, நினைவகம் போதாதபோது வட்டில் இடம் தரும் ஸ்வாப் கோப்பு ஒன்றையும் 2 ஜிபிக்கு வையுங்கள். மெதுவாக முடியும், ஆனால் முடியும். ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் மாதிரியானவற்றை மட்டும் இந்தக் கணினியில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

எனக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது. காலையில் ஓடுகிறது, மதியம் செத்துவிடுகிறது.
– லோரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

கேள்வியிலேயே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். ஒரே கோப்பில் ஒரே வரியில் நின்றால் நிரலைச் சந்தேகிக்கலாம். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் சந்தேகிக்க வேண்டியது இரும்பை, அதாவது வன்பொருளை. கம்பைல் வேலை செயலியை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட வைக்கிறது. இணையம் பார்க்கும்போது வெளியே தெரியாத நோயெல்லாம் அப்போது தெரிந்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே, மதிய வெயிலில், விசிறியில் பஞ்சுபோல் தூசி அடைத்திருக்கும் கணினி வேறு என்ன செய்யும்? விசிறியையும் வெப்பத் தகட்டையும் சுத்தம் செய்யுங்கள், காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுங்கள். அப்படியும் நின்றால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ராமை நம்பாதீர்கள்.

தோட்டத்தில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். பாதியில் நின்ற கம்பைலை மீண்டும் முதலிலிருந்தா தொடங்க வேண்டும்? இன்னொன்று: மறுபடி ஓட்டினால் ‘கிளாக் ஸ்க்யூ’ என்று எச்சரிக்கை வருகிறது.
– ஆசிரியர், தோட்டத் தமிழ்ப்பள்ளி

பிடுங்குவதை நிறுத்தாதீர்கள், இணையக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்குங்கள். ‘மேக்’ என்பது முடிந்த கோப்பை மறுபடி தொடாத நிரல். அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் மட்டும் சுழிய அளவில் வெறும் பெயராக நிற்கக்கூடும். ‘.ஓ’ என்று முடியும் கோப்புகளில் அளவு சுழியமாக இருப்பவற்றை ‘ஃபைண்ட்’ கட்டளையால் தேடி அழித்துவிட்டுத் தொடருங்கள்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. எந்தக் கோப்பு முடிந்தது, எது பாக்கி என்பதை ‘மேக்’ கோப்புகளின் நேரத்தைப் பார்த்தே முடிவுசெய்கிறது. உங்கள் கணினி பழையது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கியதும் கடிகாரம் பழைய ஆண்டு ஒன்றின் ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடுகிறது. நேற்று இறக்கிய மூலநிரல் கணினியின் கண்ணுக்கு எதிர்காலத்தில் இருக்கிறது. சற்று முன் உருவான கோப்போ மூலநிரலைவிடப் பழையதாகத் தெரிகிறது. எனவே முடிந்ததையே மறுபடி மறுபடி கம்பைல் செய்யும். பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காமல் சான்றிதழ்க் குறை சொல்வதும் இதே கடிகாரத்தால்தான்.

சில ரிங்கிட்டில் பேட்டரியை மாற்றுங்கள், நேரத்தைச் சரிசெய்யுங்கள், ‘மேக் கிளீன்’ கொடுத்து ஒருமுறை புதிதாகத் தொடங்குங்கள். அதே கணினியில் விண்டோசும் வைத்திருப்பவர்களுக்கு நேரம் சரியாக 8 மணி நேரம் தள்ளி நிற்கலாம். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் மலேசிய நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை உலக நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பேட்டரி மாற்றிப் பயனில்லை. இரண்டில் ஒன்றின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

வட்டில் இடமில்லை. கெர்னல் மூலநிரலைப் பென்டிரைவில் விரிக்கலாமா?
– வாசகர், ஈப்போ

ஃபேட்32 கோப்பு முறையில் வடிவமைத்த பென்டிரைவில் முடியாது. பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டுமே வேறுபடும் கோப்புகள் கெர்னலில் இருக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். வேறொரு கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளும் அதில் நிற்காது. எக்ஸ்ட்4 ஆக வடிவமைத்த வெளிவட்டில் செய்யலாம். கோப்புறையின் பெயரில் இடைவெளி மட்டும் விடாதீர்கள், அதற்கே ‘மேக்’ மறுத்துவிடும்.

டைனி கோர் லினக்ஸில் கம்பைல் செய்து நிறுவியதெல்லாம் மறுநாள் காணாமல் போகிறது.
– வாசகர், தைப்பிங்

அது பிழை இல்லை, டைனி கோரின் இயல்பு. இயங்குதளம் முழுவதும் நினைவகத்தில் விரிகிறது. ‘மேக் இன்ஸ்டால்’ எழுதுவதும் நினைவகத்தில்தான். கணினியை அணைத்ததும் எல்லாம் போய்விடும். கம்பைல் கருவிகள் அடங்கிய ‘கம்பைல்டிசி’ நீட்சியை ஏற்றிக்கொண்டு, வட்டின் பகிர்வு ஒன்றில் வேலை செய்யுங்கள். டெம்ப் கோப்புறையில் செய்தால் ராமைத் தின்னும். ஹோம் கோப்புறையில் செய்தால் அணைக்கும்போது காப்பு எடுக்கிறேன் என்று நெடுநேரம் உட்கார்ந்துவிடும்.

நிறுவும்போது ‘டெஸ்ட்டிர்’ மூலம் தனிக் கோப்புறை ஒன்றைக் காட்டுங்கள். அந்தக் கோப்புறையை ‘எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ்’ கொண்டு டைனி கோரின் நீட்சி வடிவமான ‘.டிசிஇசட்’ கோப்பாக்கி ஆப்ஷனல் கோப்புறையில் போட்டு, அதன் பெயரைக் கணினி ஏறும்போது தானே ஏற்ற வேண்டியவற்றின் ‘ஆன்பூட்’ பட்டியலில் ஒரு வரியாகச் சேருங்கள். பப்பி லினக்ஸ்காரர்களுக்குக் கம்பைலர் ‘டெவ்எக்ஸ்’ என்ற தனிக் கோப்பில் வருகிறது. அது உங்கள் பப்பி பதிப்புக்கே உரியதாக இருக்க வேண்டும்.

டில்லோ உலாவியைக் கம்பைல் செய்தேன். மிக வேகம். ஆனால் தமிழில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.
– ஓய்வுபெற்ற அலுவலக எழுத்தர், சுங்கை சிப்புட்

எழுத்துருவைக் குற்றம் சொல்லாதீர்கள், ஐயா. யூனிகோடில் மெய்யெழுத்தின் குறியீடு முதலிலும் கொம்பின் குறியீடு பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பை முன்னே கொண்டுவருவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரலகத்தின் வேலை. டில்லோவின் அடித்தளமான எஃப்எல்டிகே 1.3 அதைப் பயன்படுத்துவதில்லை, சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும், நமக்குப் போதாது. எஃப்எல்டிகே 1.4இல், ஹார்ஃப்பஸைக் கொண்டு எழுத்தை அமைக்கும் பாங்கோ நிரலகத்தைச் சேர்த்துக் கம்பைல் செய்யும் தெரிவு இருக்கிறது. தமிழ் நாளிதழ் படிக்கத்தான் உலாவி என்றால் நெட்சர்ஃபின் ஜிடிகே பதிப்பைப் போடுங்கள். அது பாங்கோ வழியாகவே எழுதுகிறது, எடையும் அதிகம் இல்லை.

மற்ற மென்பொருள்களைக் கம்பைல் செய்யும்போது, தேவையானவை கணினியில் இருக்கின்றனவா என்று முதலில் சோதிக்கும் ‘கான்ஃபிகர்’ ஓடி முடிந்ததும் திரையின் அடியில் வரும் பட்டியலைப் படியுங்கள். பாங்கோ அல்லது ஹார்ஃப்பஸ் என்ற பெயருக்கு நேரே ‘நோ’ என்று இருந்தால் அங்கேயே நிறுத்தி, அதற்குரிய ‘-டெவ்’ பொதியை நிறுவிவிட்டு மறுபடி ‘கான்ஃபிகர்’ ஓட்டுங்கள்.