பாசி கோத்த வெள்ளி பிரேஸ்லெட்: வளையம் ஏன் விட்டுப்போகிறது?

மேலூரிலிருந்து ஒரு வாசகி: "மதுரை தெற்காவணி மூல வீதியில் வெள்ளிச் சங்கிலியும் சுத்த வெள்ளிக் கம்பியும் வாங்கி, 6 மி.மீ. பாசி ஐந்து வைத்து மகளுக்கு பிரேஸ்லெட் செய்தேன். கம்பி நுனியை வளையமாகச் சுருட்டித்தான் மாட்டினேன். ஒரே வாரத்தில் இரண்டு பாசி விழுந்துவிட்டது, திருத்தப் போனால் கம்பி ஒடிகிறது. எங்கே தப்பு?"

அந்தச் சுருட்டலில்தான். துப்பட்டா நூல் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வளையம் வாயைத் திறந்துவிடும், அதிலும் சுத்த வெள்ளி என்றால் நகத்தாலேயே நிமிர்த்தலாம். வளையத்துக்குக் கீழே இருக்கும் கம்பியை, அதாவது கழுத்தை, மிச்ச நுனியால் சுற்றிக் கட்ட வேண்டும்.

முதலில் கம்பி. 0.5 மி.மீ. போதும், முத்து என்றால் துளை சின்னது, 0.4 வேண்டியிருக்கும். கேஜ் (கம்பிக் கனத்துக்கான எண்) சொல்லிக் கேட்காதீர்கள். 24 கேஜ் என்பது ஒரு அட்டவணையில் 0.51 மி.மீ., இன்னொன்றில் 0.56. 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) கிடைத்தால் அதையே எடுங்கள், செம்பு கலந்திருப்பதால் விறைப்பாக நிற்கும். சங்கிலிக் கண்ணிக்குள் அந்தக் கம்பி நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒரு பாசிக்கு 8 செ.மீ. வெட்டி, நுனியிலிருந்து 3 செ.மீ. தள்ளிக் குறடால் பிடித்து, குறட்டை ஒட்டியே செங்குத்தாக மடக்குங்கள். மடிப்புக்குக் கீழே ஒன்றரை மி.மீ. விட்டால் அதுதான் கழுத்து. அப்புறம் உருண்டை மூக்குக் குறட்டில் வளையம். சங்கிலியின் கண்ணிகள் பொடி வைத்து ஊதியவை, அதாவது சூட்டில் பற்றவைத்தவை, திறக்காது, அதனால் கழுத்தைச் சுற்றுவதற்கு முன்னாலேயே கடைசிக் கண்ணியை வளையத்தில் மாட்டிவிட வேண்டும். மறந்தால் வெட்டி எறிய வேண்டியதுதான் (நான் எத்தனை எறிந்தேன் என்று கேட்காதீர்கள்). மாட்டியதும் வளையத்தைக் குறட்டில் பிடித்துக்கொண்டு, மிச்ச நுனியைக் கழுத்தில் இரண்டரைச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, ஒட்ட நறுக்கி, அமுக்கிவிடுங்கள். தடவிப் பார்த்தால் குத்தக் கூடாது. பாசியைக் கோத்து மறுபக்கமும் இதே கதைதான்.

ஒடிவதற்குக் காரணம், வளைக்க வளைக்க வெள்ளி இறுகிப்போகும். ஒரே இடத்தை நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தி மடக்கினால் முறியத்தான் செய்யும். பட்டறையில் சுட்டு இளக்குவார்கள், ஆனால் பாசி கோத்த பிறகு நெருப்பில் காட்ட முடியுமா? புதுத் துண்டு எடுங்கள். கை பழக, மோட்டார் வைண்டிங் கடையில் அதே கனத்தில் செம்புக் கம்பி வாங்கி ஒரு இருபது வளையம் போட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் வெள்ளியைத் தொடலாம்.

நீளம்: மணிக்கட்டு 16 செ.மீ. என்றால் பிரேஸ்லெட் 18. கட்டிய பாசி ஒவ்வொன்றும் வளையத்தோடு சுமார் 14 மி.மீ. வரும், ஐந்துக்கு 7 செ.மீ. போனால் மிச்சம் 11, அதற்குள் சங்கிலியும் எஸ் கொக்கியும் அடங்க வேண்டும்.

நறுக்கிய துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள், வெள்ளிக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.