உப்புத் தண்ணீர் ஊற்றினால் வாரன்டி போய்விடுமா?

கேள்வி: கோவை வடவள்ளியில் எங்களுக்குத் தனி வீடு. மாமியாரின் மூட்டுவலிக்கு இதமாக இருக்கும் என்று 2024 மார்ச்சில் மொட்டை மாடியில் ஒரு ஜக்கூஸி (நீரைச் சூடாக்கிச் சுழலவிடும் குளியல் தொட்டி) வைத்தோம். ஐந்து பேர் உட்காரலாம்; இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 1,400 லிட்டர் கொள்ளளவு. விற்றது பெங்களூரு நிறுவனம். பொருத்தும் கூலியோடு 6,80,000 ரூபாய். ஹீட்டருக்கும் பம்புக்கும் இரண்டு ஆண்டு வாரன்டி. மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதற்காக ஆண்டுக்கு 36,000 ரூபாய் பராமரிப்பு ஒப்பந்தமும் அவர்களிடமே போட்டோம். முதல் ஆண்டில் வந்தது நான்கே முறை. 2024 நவம்பரில் ஹீட்டர் எரிந்தது, மாற்றித் தந்தார்கள். 2025 மே மாதம் மறுபடியும் எரிந்தது. இம்முறை, 'போர் தண்ணீர் ஊற்றியதால் உப்பு பிடித்துவிட்டது, வாரன்டி செல்லாது' என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். வாங்கும்போது 'போர் தண்ணீரே போதும், ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்' என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர் அவர்களுடைய விற்பனையாளர்தான். இப்போது கீழ் அறையின் கூரையில் விரிசலும் ஈரமும் தெரிகின்றன. ஹீட்டர் எரிவதற்கு முன் ஒரு நாள் தண்ணீரில் கை வைத்தபோது லேசாக ஷாக் அடித்தது. கணக்காளர் சொன்னதால் பில்லை என் கணவரின் நிறுவனத்தின் பெயரில் போட்டோம். தொட்டியில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? – ஒரு வாசகி, கோவை.

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் மூன்று விஷயங்கள்தான் என்னை முதலில் நிமிர்ந்து உட்கார வைத்தன. ஷாக், விரிசல், பில்லில் உள்ள பெயர். ஹீட்டர் அதற்குப் பிறகுதான்.

ஷாக் அடித்த தொட்டியின் மின் இணைப்பை இன்றே துண்டியுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. மெயினிலிருந்து அந்த லைனைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவரை அழைத்து, அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். உடல் முழுக்க நனைந்து உட்காரும் இடத்தில் அந்தக் கருவி இல்லாமல் இணைப்புக் கொடுத்திருந்தால் அது பொருத்தியவர்களின் சேவைக் குறைபாடு. உங்கள் வழக்கில் தண்ணீரின் தரத்தைப் பற்றி அவர்கள் என்ன வாதாடினாலும் இந்தக் குறையை மறைக்க முடியாது.

அடுத்தது விரிசல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 1,400 லிட்டர் தண்ணீர், காலித் தொட்டி ஏறக்குறைய 300 கிலோ, ஐந்து பேர் உட்கார்ந்தால் இன்னும் ஒரு 350 கிலோ. ஆக, நான்கு சதுர மீட்டரில் இரண்டு டன்னுக்கு மேல். சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோவைத் தாண்டுகிறது. மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 சொல்லும் கணக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. உங்கள் தளம் தாங்குமா, உத்தரங்கள் எங்கே ஓடுகின்றன என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் வரும்வரை கீழ் அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள். தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள். மே மாதத்திலிருந்து தேங்கி நிற்கும் தண்ணீரில் கொசு வேறு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

ஆனால் வெளியேற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து ஆளை வரவழைத்து, தொட்டித் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் தனித்தனியாக மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கடினத்தன்மை (கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு), பி.எச். (அமில-கார அளவு), காரத்தன்மை மூன்றையும் பார்க்க வேண்டும். எரிந்த இரண்டாவது ஹீட்டர் எங்கே? முதல் ஹீட்டரை டெக்னீஷியன் எடுத்துப் போயிருப்பார். அது போனது போனதுதான். இரண்டாவதைக் கழற்றினால் படம் எடுத்து, உறையிலிட்டு, தேதி எழுதி வீட்டிலேயே பூட்டி வையுங்கள். பரிசோதனை தேவைப்படும் பொருளை நுகர்வோர் குறைதீர் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-ஆம் பிரிவு வழி செய்கிறது. அனுப்புவதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டுமல்லவா?

இனி பில். கணக்காளர்கள் நல்லவர்கள், ஆனால் நான் பார்க்கும் நுகர்வோர் வழக்குகளில் பாதித் தலைவலி அவர்கள் சொல்லும் 'கம்பெனி பெயரில் போட்டுவிடலாம்' என்ற யோசனையிலிருந்துதான் தொடங்குகிறது. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோர் அல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பக்கத்திலேயே அதைத்தான் எழுதுவார். அதற்குப் பதில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் பில் இருப்பதாலேயே அது வணிக நோக்கம் ஆகிவிடாது; வாங்கியதன் முதன்மை நோக்கம் என்ன என்பதுதான் கேள்வி. நிறுவனம் ஒன்று தன் இயக்குநரின் பயன்பாட்டுக்காக வாங்கிய கார் பற்றிய வழக்கில், அது வணிக நோக்கம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. தவிர, வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும் 2(7) பிரிவின்படி நுகர்வோரே. எனவே புகாரை நிறுவனமும் நீங்களும் சேர்ந்து கொடுங்கள். தொட்டி இருப்பது வீட்டு மாடியில், பயன்படுத்தியது உங்கள் மாமியார். மூட்டுவலிக்கான மருத்துவச் சீட்டு இருந்தால் அதையும் இணையுங்கள்.

நிறுவனம் இந்தப் பில்லுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால் கதை மாறும். 'தொழிலுக்காக வாங்கினேன்' என்று வரித்துறையிடம் சொல்லிவிட்டு, 'மாமியாருக்காக வாங்கினேன்' என்று ஆணையத்தில் சொல்ல முடியாது. சொந்தப் பயன்பாட்டுக்கு அந்த வரவை எடுத்ததே தவறு. வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டு, அந்த ரசீதோடு வாருங்கள். விற்றவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே இதை முடியுங்கள்.

இப்போது உப்புத் தண்ணீருக்கு வருவோம். கோவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு இரண்டு குழாய், ஒன்றில் சிறுவாணி நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். போர் தண்ணீரின் சுண்ணாம்பு, சூடேறும் கம்பியின்மேல் ஓடாகப் படியும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் கம்பி தன் சூட்டிலேயே எரியும். விற்றவர்கள் சொல்லும் காரணம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன். 'தண்ணீரில் உப்பே இல்லை' என்று நீங்கள் வாதாடினால் ஆய்வக அறிக்கை உங்களையே கவிழ்த்துவிடும்.

உங்கள் வாதம் வேறு. உப்புத் தண்ணீர்தான் ஊற்றப்போகிறீர்கள் என்று தெரிந்தே விற்றார்கள். போதும் என்று எழுதியும் கொடுத்தார்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி 2(47) பிரிவில் வரும் நியாயமற்ற வணிக நடைமுறைக்குச் சான்று. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை விரும்பத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 600வரை ஏற்கலாம். அக்ரிலிக் தொட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவதோ 150 முதல் 250வரை. குடிக்கலாம் என்று அரசுத் தரம் அனுமதிக்கும் தண்ணீரே தொட்டிக்கு ஆகாது என்றால், அதை வாங்குபவரிடம் பணம் வாங்கும் முன் சொல்ல வேண்டியது விற்பவரின் வேலை. வாரன்டி அட்டை எப்போது உங்கள் கைக்கு வந்தது என்று பாருங்கள். பணம் கட்டி, கிரேன் வைத்துத் தொட்டியை மாடியில் ஏற்றிய பிறகு, கையேட்டோடு உறைக்குள் வந்திருந்தால் அந்த நிபந்தனைக்கு நீங்கள் சம்மதித்ததாக அவர்கள் சொல்வது கடினம்.

அதைவிட வலுவானது பராமரிப்பு ஒப்பந்தம். பன்னிரண்டு முறை வர வேண்டியவர்கள் நான்கு முறை வந்தார்கள். வந்த நான்கு முறையும் சர்வீஸ் ஷீட்டில் என்ன எழுதினார்கள்? 'தண்ணீர் சரி' என்று ஒரே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் உப்பு வாதம் அங்கேயே நொண்டும். கடினத்தன்மை அதிகம் என்று எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் நாம்தான் நொண்டுவோம். இந்த நான்கு தாள்களையும் பார்க்காமல் உங்களுக்கு எந்த வக்கீலும் வெற்றி வாய்ப்பைச் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன்.

இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை. நீங்கள் வாரம்தோறும் பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்திருந்தால், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றியிருந்தால், அதற்கு என்ன குறிப்பு இருக்கிறது? காலண்டரில் கிறுக்கியது, குளோரின் வாங்கிய ரசீது, சோதனைப் பட்டையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியது எதுவானாலும் சரி. இல்லையென்றால் இல்லை என்று விடுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும் முன்னிரவில் நோட்டுப் புத்தகம் வாங்கி, பதினான்கு மாதக் குறிப்பை ஒரே பேனாவில் எழுதிக்கொண்டு வந்த கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நோட்டு உண்மையான வாட்ஸ்அப் செய்தியையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

அந்தச் செய்திகள் உள்ள கைபேசியை மாற்றாதீர்கள். உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து, மின்னணுச் சான்றுகளுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள்.

கூரைச் சேதத்தை இதே புகாரில் சேர்க்கலாம். விற்ற பொருளைத் தவிர்த்த வேறு சொத்துக்கு ஏற்படும் சேதமும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு (பழுதான பொருளால் வரும் தீங்குக்கான பொறுப்பு) பற்றிச் சொல்லும் 'தீங்கு' என்ற சொல்லுக்குள் வருகிறது. ஆனால் இடத்தை யார் முடிவு செய்தார்கள் என்பதே கேள்வி. பொருத்துவதற்கு முன் வந்து பார்த்தவர் பொறியாளர் சான்று கேட்டாரா? 'தளத்தின் வலிமைக்கு வாடிக்கையாளரே பொறுப்பு' என்ற வரியின் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறதா? இருந்தால் கூரைக்கான தொகையில் பெரும்பகுதியை மறந்துவிடுவது மனத்துக்கு நல்லது. (அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் வாசகர்களுக்கு: மொட்டை மாடி பொதுவாக எல்லோருக்கும் உரிய இடம். சங்கத்தின் அனுமதி இல்லாமல் அங்கே வாளித் தண்ணீரைக்கூட நிரந்தரமாக வைக்க நினைக்காதீர்கள்.)

வழக்கை எங்கே போடுவது என்று கவலைப்பட வேண்டாம். பில்லின் அடியில் 'பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்' என்று அச்சடித்திருப்பார்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். ஐந்து லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். சமரச நடுவரிடம் போக வேண்டும் என்ற ஷரத்து இருந்தாலும் அது ஆணையத்தின் கதவை அடைக்காது, எமார் எம்.ஜி.எஃப். என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது.

காலவரம்பு இரண்டு ஆண்டு. மறுப்பு மின்னஞ்சல் வந்த 2025 மே மாதத்திலிருந்து கணக்கிடலாம் என்பது என் கருத்து. ஆனாலும் முதல் ஹீட்டர் எரிந்த 2024 நவம்பரிலிருந்து எண்ணி, 2026 நவம்பருக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். தாமத மன்னிப்பு மனுவில் வக்கீலுக்குத்தான் வருமானம்.

நோட்டீஸில் 'ஜக்கூஸி' என்று எழுத வேண்டாம். அது ஒரு நிறுவனத்தின் பெயர். பில்லில் என்ன பெயர், என்ன மாடல் எண் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். அந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று சொல்லி வேறொன்றை விற்றிருந்தால் அது தனிக் குற்றச்சாட்டு. அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா? ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய பொருளுக்கு ஆணையங்கள் அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. ஹீட்டரை இலவசமாக மாற்றுவது, பராமரிப்புக் கட்டணத்தில் வராத எட்டு மாதத்துக்கான 24,000 ரூபாய், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு, இவற்றை எதிர்பார்க்கலாம். மின் இணைப்பே ஆபத்தானது என்று ஒப்பந்ததாரரும், தளம் தாங்காது என்று பொறியாளரும் எழுதித் தந்தால், தொட்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்பதற்கு வலு வரும். ஆகவே நோட்டீஸில் பணம் திரும்ப வேண்டும் என்பதை முதன்மைக் கோரிக்கையாகவும், அது முடியாவிட்டால் மற்றவை என்றும் எழுதி, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

நோட்டீஸ் கிடைத்த மறுவாரமே ஒரு டெக்னீஷியன் மிகுந்த மரியாதையோடு, 'பழைய ஹீட்டரைக் கொடுங்கள், கம்பெனியில் காட்டிப் புதிதாக வாங்கித் தருகிறேன்' என்று வாசலில் நிற்கக்கூடும். காபி கொடுங்கள். ஹீட்டரைக் கொடுக்காதீர்கள்.