குரோமோசோம் உடைந்தால் புற்றுநோய்தானா?

உங்கள் பயாப்ஸி அறிக்கையில் ‘டிஸ்பிளேசியா இல்லை’, அதாவது செல்கள் உருக்குலையவில்லை, என்று இருக்கிறது. கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அதைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பல வருட நெஞ்செரிச்சலில் உணவுக்குழாயின் அடிப்பகுதி உறை மாறி ‘பேரட்’ நிலை வந்திருக்கிறது. அதை இணையத்தில் தேடப்போய், ‘குரோமோசோம் நொறுங்கிப் புற்றுநோயாகும்’ என்று படித்துப் பயந்திருக்கிறீர்கள்.

படித்தது பொய்யில்லை, பாதிக் கதை. செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைதான் குரோமோசோம். அது அறுவது எல்லோர் உடம்பிலும் நடக்கிறது. செல்லே அதை ஒட்டிச் சரிசெய்துகொள்ளும். முடியாதபோது பி53 என்ற புரதம் அந்தச் செல்லைப் பெருகவிடாது, அல்லது சாகவைக்கும். அந்தக் காவல் போன பிறகுதான் வினை. முனை உடைந்த குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல் பிரியும்போது இரண்டு பக்கமும் இழுபட்டு வேறோர் இடத்தில் அறும். அறுந்த முனை மறுபடி ஒட்டும். மரபியல் விஞ்ஞானி பார்பரா மெக்கிளின்டாக் சோளப் பயிரில் இதை 1930களிலேயே பார்த்துவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு செல்லுக்குச் சில மரபணுக்கள் கூடும், இன்னொன்றுக்குக் குறையும். பெரும்பாலானவை இதில் செத்துவிடும். வேகமாகப் பெருகத் தோதான சேர்க்கை வாய்த்த ஏதோ ஒன்று மட்டும் மற்றவற்றை முந்திப் பரவும். ஒரு குரோமோசோம் ஒரே வீச்சில் துண்டுதுண்டாகித் தாறுமாறாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. நீங்கள் படித்தது அதைத்தான்.

இப்படிச் சீர்கெட்ட செல்கள் படர்ந்தால் பெரும்பாலும் மைக்ராஸ்கோப்பில் உருக்குலைவாகத் தெரியும். அதுதான் டிஸ்பிளேசியா. அது இல்லாத பேரட், ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோயாக மாறுவதில்லை.

பிள்ளைகளுக்குப் போகுமா என்றால், உணவுக்குழாய் செல்லில் நடக்கும் உடைவு விந்தணுவுக்கோ கருமுட்டைக்கோ போகாது. போன வருடம் எடுத்த மார்பு எக்ஸ்ரேதான் குரோமோசோமை உடைத்ததோ என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டு, ‘மரபணுவைக் காக்கும்’ ஆன்டிஆக்ஸிடன்ட் வாங்கிச் சாப்பிடுகிறீர்களே, யார் சொன்னது? புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்த ஃபின்லாந்து ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியதாக 1994இல் முடிவு வந்தது. நீங்கள் வாங்கிச் சாப்பிடுவதை நிறுத்துங்கள். பழைய மாத்திரையை எப்படித் தொடர்வது என்று உங்கள் மருத்துவரிடம் நாளைக்கே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்: விழுங்கும்போது உணவு நெஞ்சில் நிற்பது. முதலில் கெட்டியான உணவு நிற்கும். தண்ணீர் குடித்துத் தள்ளிவிட்டுச் சமாளிப்போம். அப்புறம் மென்மையானதும் நிற்கும், எடை குறையும். ‘கேஸ்’ என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். முதல் கட்டத்திலேயே, அடுத்த எண்டோஸ்கோபி தேதிக்குக் காத்திருக்காமல், அந்த வாரமே போய்க் காட்டுங்கள். மலம் தார்போல் கறுத்துப் போனால் அன்றைக்கே போங்கள்.