தமிழ் அந்தப் பட்டியலிலேயே இல்லை
விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் உள்ள, பேச்சை எழுத்தாக்கும் ஸ்பீச் ரெகக்னிஷனுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தும், அப்பா தமிழில் பேசினால் அது ஏதோ ஆங்கிலச் சொற்களாக அடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தப்பு உங்கள் மேலும் இல்லை, மைக் மேலும் இல்லை. அது விண்டோஸ் விஸ்டா காலத்துச் சமாச்சாரம். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம், சீனம் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. மூடிவிடுங்கள்.

குரோமில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் போங்கள். மைக் படத்துக்கு மேலே மொழி மாற்றும் இடம் இருக்கும், அங்கே தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு மைக்கை அழுத்தினால் குரோம் அனுமதி கேட்கும், அவசரத்தில் 'பிளாக்' கொடுத்துவிடாதீர்கள் (நான் கொடுத்துவிட்டு ஒரு மாலை முழுக்க ஹெட்செட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்). நெட் கட்டாயம் வேண்டும். கமா, முற்றுப்புள்ளியெல்லாம் கையால்தான் போட வேண்டியிருக்கும்.

அப்புறம் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டாம். முன்பின் சொற்களை வைத்துத்தான் அது ஊகிக்கிறது, அதனால் முழு வாக்கியமாக, இயல்பான வேகத்தில் பேசினால் பிழை குறையும். பேச்சுவழக்கில் சொன்னால் கொஞ்சம் தடுமாறும். 'வந்துட்டு இருக்கேன்' என்பதைவிட 'வந்துகொண்டிருக்கிறேன்' என்றால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பிலேயே உள்ள மைக் வேண்டாம், ஃபேன் சத்தத்தையும் சேர்த்து வாங்கும். சாதாரண இயர்போன் மைக்கே போதும்.