பழைய காரில் இன்னும் 32,000 ரான்ட் போடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் குடியிருக்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேலை, வாரத்தில் ஐந்து நாளும் காரில்தான் போய்வருகிறேன். 2009ஆம் ஆண்டு கொரோலா, 2,70,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, கடன் பாக்கி இல்லை. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு (ஹெட் காஸ்கெட்) போய்விட்டது, கிளட்சும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் 32,000 ரான்ட் கேட்கிறார். விற்பனை நிலையத்தில் இதை 30,000க்கு எடுத்துக்கொண்டு, புது வண்டிக்கு மீதி 2,50,000 ரான்டை 12 சதவீத வட்டியில் 72 மாதக் கடனாகத் தருகிறார்கள். வண்டியின் விலையைவிடச் செலவு அதிகம், தலைமுழுகுங்கள் என்கிறார் மைத்துனர். சேமிப்பு 60,000 ரான்ட் உண்டு. என்ன செய்யட்டும்?

பதில்: பழுது பாருங்கள் அம்மா. ஆனால் பணத்தை எடுத்து நீட்டுமுன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது; அதைப் பிறகு சொல்கிறேன்.

மைத்துனரின் கணக்கு வண்டியை விற்கப்போகிறவருக்குப் பொருந்தும். நீங்களோ அதில் ஏறி வேலைக்குப் போகப்போகிறவர். மாதம் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 32,000 ரான்டை 24 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 1,333. டயர், பிரேக் என்று வரும் சில்லறைச் செலவுக்கு 1,000 ஒதுக்கினாலும் 2,333தான். புது வண்டிக்கு மாதத் தவணை மட்டும் சுமார் 4,888. கடன் தீரும்வரை வங்கி கேட்கும் முழுக் காப்பீடு தனி. ஆறு ஆண்டில் வட்டியாகவே ஒரு லட்சத்துக்குமேல் போகும். கட்டி முடித்தபின் ஒரு வண்டி மிஞ்சும், உண்மைதான். ஆனால் பழையதை இரண்டே ஆண்டு ஓட்டி, அந்தத் தவணைப் பணத்தைச் சேர்த்தால், சேமிப்பிலிருந்து எடுத்ததை நிரப்பியபின்னும் 60,000 ரான்டுக்குமேல் கையில் நிற்கும். அடுத்த வண்டிக்கு அதுவே முன்பணம்.

தவணை கனமாக இருக்கிறதே என்று நீங்கள் தயங்கினால், விற்பனையாளர் உடனே பலூன் தொகையை எடுத்து நீட்டுவார். 30 சதவீதத்தைக் கடைசிக்குத் தள்ளினால் தவணை 4,171 ஆகக் குறையும். ஆறாம் ஆண்டு முடிவில் 75,000 ரான்டை ஒரே மூச்சில் கட்ட வேண்டும். மொத்த வட்டியும் சுமார் 23,000 கூடும். அந்தக் காகிதத்தில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

இனி சோதனை. டர்பனிலிருந்து நீங்கள் மேலே போகும் என்3 நெடுஞ்சாலை பெரும்பாலும் ஏற்றம். சூடேறிய எஞ்சினை அதில் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தாலும் ஹெட் வளைந்திருக்கலாம், விரிசலும் விட்டிருக்கலாம். எண்ணெய் மூடியின் அடியில் மோர்க்குழம்பு போலப் படிந்திருந்தால், தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். ஆகவே ஹெட்டைக் கழற்றுவதற்கு மட்டும் முதலில் ஒப்புதல் கொடுங்கள். பட்டறையில் அழுத்தச் சோதனை நடக்கட்டும். அதன்பிறகு மீதி வேலைக்கு எழுத்தில் விலை கேளுங்கள். ஹெட் பயனில்லை என்று வந்து தொகை 45,000ஐத் தாண்டினால் என் பதில் மாறிவிடும்.

துருவையும் பாருங்கள். கடற்காற்று நம் ஊர் வண்டிகளை அடியிலிருந்து தின்னும். கால்மிதியைத் தூக்கி, தரைத் தகட்டை விரலால் அழுத்துங்கள். தகடு அமுங்கினால் எஞ்சினுக்குச் செலவழிப்பது வீண்.

2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதுபார்ப்பில் பொருத்திய புதுப் பாகத்துக்கும் வேலைக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. பில் இருந்தால்தான் அதைக் கேட்டு வாங்க முடியும். பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால், வேறு இடம் பாருங்கள்.