வராத பிள்ளைகளின் கேள்விகளோடு சிங்கப்பூர் போனோம்

“பள்ளிப் பிள்ளைகளை வெளிநாட்டுச் சுற்றுலா கூட்டிப்போவது தேவையா, வீண் செலவா? கூட்டிப்போன ஆசிரியர்கள் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். 2024 பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து 31 பேரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் நான்கு ஆசிரியர்கள் சிங்கப்பூர் போய்வந்தோம். திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரம்தான். நான்கு இரவு தங்கினோம். தேவையா என்றால், போகாத பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருந்தால் தேவை. அப்படி இல்லையென்றால் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவிலும் சேர்த்து 78 பேர். ஆளுக்கு அறுபதாயிரத்துக்கு மேல் செலவு. 47 பேர் வர முடியவில்லை. பெயர் கொடுக்கச் சொன்ன அன்று வகுப்பில் இருந்த அமைதி எனக்கு இன்னும் மறக்கவில்லை. சிலர் நோட்டைப் புரட்டுவது போலக் குனிந்துகொண்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வகுப்பில் ஒன்று சொன்னேன்: வராத ஒவ்வொருவரும் சிங்கப்பூரைப் பற்றி ஒரு கேள்வி எழுதித் தர வேண்டும். கூகுளில் உடனே கிடைக்கிற கேள்வியாக இருக்கக்கூடாது. போகிறவர்கள் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ கேள்வியை எடுத்துக்கொண்டு, அங்கே நேரில் பார்த்துக் கேட்டு, பதிலோடு வர வேண்டும். எங்கே போவது, எதை விடுவது என்பதையும் அந்தக் கேள்விகளை வைத்தே முடிவு செய்தோம். பயண ஏற்பாட்டாளருக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு கேளிக்கைப் பூங்காவும் ஒரு ஷாப்பிங் மாலும் சேர்க்கச் சொல்லி அழுத்திக்கொண்டே இருந்தார். ஒரு நாள் செந்தோசா என்ற கேளிக்கைத் தீவுக்குச் சரி என்றோம், மற்ற நாட்களை விட்டுக்கொடுக்கவில்லை.

புறப்படுவதற்கு முன்னால் இருக்கிற வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கூட்டிப்போக நினைக்கிற ஆசிரியர்களுக்கு உதவும். குறைந்தது ஐந்து மாதம் முன்பே பாஸ்போர்ட் வேலையைத் தொடங்குங்கள். எங்களுக்குப் பெரிய தலைவலி இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் வெறும் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பள்ளிப் பதிவேட்டில் வேறு மாதிரி. பதினோரு பிள்ளைகளுக்கு இதைச் சரிசெய்து முடிக்கவே இரண்டு மாதம் ஆனது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் இருவரும் சம்மதம் எழுதித் தர வேண்டும், அந்தப் படிவம்தான் அனெக்சர் டி. ஒரு மாணவியின் அப்பா பல வருடமாக வீட்டோடு தொடர்பில் இல்லை. பாஸ்போர்ட்டே கிடைக்காது என்று நினைத்து, மகளின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி அம்மா சொன்னார். அப்படிப்பட்டவர்களுக்கு அனெக்சர் சி என்று ஒன்று இருக்கிறது, ஒரு பெற்றோர் மட்டும் காரணத்தைச் சொல்லி உறுதிமொழி தரலாம். தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு அந்த அம்மாவோடு எங்கள் கணக்கு டீச்சர் போய்வந்தார். அந்த அம்மா பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிய அன்று பள்ளிக்கே வந்து காட்டிவிட்டுப் போனார். விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் போக வேண்டும். அப்புறம், சிங்கப்பூருக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளைக்குள் ஆன்லைனில் நிரப்புகிற எஸ்ஜி அரைவல் கார்டு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கிற போலித் தளங்கள் இருக்கின்றன, பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

போய் இறங்கிய முதல் காலை, பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்து டாலர் கொடுத்தோம். லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சென்டர் சந்தையில் அவர்களே கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். அங்கே ஒருத்தி இரண்டு டாலர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இதுல தமிழ்ல சிங்கப்பூர்னு எழுதியிருக்கு!” என்று கத்தினாள். நோட்டின் முன்பக்கம் முதல் அதிபர் யூசோப் இஸ்ஹாக். பின்பக்கம் ஓர் ஆசிரியர் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் படம். அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்று நான் எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நோட்டில் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த நாள் இரண்டாவது நாள்தான். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில், 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கியது. நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் கும்பிட்ட கோயில் அது. அங்கிருந்து நடந்தே தெலுக் ஆயர் தெருவுக்குப் போனோம். ‘எங்கள் ஊர்ப் பெயரில் அங்கே ஏதாவது இருக்கிறதா?’ என்று நாகூர்ப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்திருந்தான், அவன் வரவில்லை. அதை எடுத்துக்கொண்டவனும் நாகூர்க்காரன்தான். வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அடுக்கடுக்கான சின்ன மினார்களோடு ஒரு வெள்ளைக் கட்டடம். நாகூர் தர்கா! சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கட்டியது. பையன் பேசாமல் நின்றான். அப்புறம் உம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். “மினாரைக் காட்டு, வாசலைக் காட்டு” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்களோடு வந்த வழிகாட்டி அக்கா அங்கேயே பிறந்த தமிழர். தெலுக் ஆயர் என்றால் மலாயில் நீர் விரிகுடா என்று சொன்னார். அந்தத் தெருதான் அந்தக் காலத்துக் கடற்கரை. கப்பலில் வந்து உயிரோடு கரை சேர்ந்தவர்கள் முதலில் நன்றி சொன்ன இடம். அதனால்தான் அதே தெருவில் சீனர்களின் கடல் தெய்வக் கோயிலும் இருக்கிறது. அப்புறம் கடலைத் தூர்த்துக்கொண்டே போனதில் இப்போது அங்கிருந்து கடல் கண்ணில் படுவதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து ராஜுலா கப்பலில் போன தாத்தாக்களின் கதை எங்கள் ஊரில் பல வீடுகளில் உண்டு. அந்தத் தெருவில் நின்றபோது மூன்று பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையைத் தாங்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். ஒன்பது மாதம் பாடம் நடத்தியும் அந்தக் கதைகள் எனக்குத் தெரியாது.

அன்று மாலைதான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சைனாடவுனில் எம்ஆர்டி மெட்ரோ ரயில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கித் தலையை எண்ணினால் இரண்டு பேர் குறைகிறார்கள். கூட்டத்தில் இறங்க முடியாமல் கதவு மூடிவிட்டது. ஆனால் புறப்படும் முன்பே ஒரு விதி சொல்லி, பத்துத் தடவை திருப்பிச் சொல்லவும் வைத்திருந்தோம்: ரயிலில் மாட்டிக்கொண்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே இடத்தில் நில், பிளாட்பாரத்தில் விட்டுப்போனால் அங்கேயே நில், தேடி நடக்காதே. அடுத்த ரயிலில் ஃபாரர் பார்க் போனேன். இரண்டு பேரும் இறங்கிய இடத்தில் அசையாமல் நின்றிருந்தார்கள். திட்டவில்லை, தோளில் தட்டிக் கூட்டிவந்தேன்.

செந்தோசாவில் ஆட்டம் பாட்டம், எல்லாருக்கும் சந்தோஷம்.

நான்காம் நாள் மரீனா பராஜ். எந்த ஏஜென்ட் பட்டியலிலும் இது முன்னால் வராது. நாங்கள் போனதற்குக் காரணம் வராத ஒரு மாணவியின் கேள்வி. அவள் அப்பா கடைமடை விவசாயி. வீட்டுக் கிணறு உப்பு, குடிக்கக் கொள்ளிடத்துத் தண்ணீர்தான். அவள் எழுதியது: ‘சுத்தியும் கடல் இருக்கிற ஊரில் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’

ஒரு பகுதி 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜோகூரிலிருந்து வருகிறது, அது 2061 வரைக்கும்தான். மீதிக்கு மழைநீர், சுத்திகரித்த கழிவுநீர், கடல்நீர். நகரத்து மழைநீரைப் பிடிக்கத்தான் 2008-இல் கடல்வாயிலில் இந்தத் தடுப்பைக் கட்டினார்கள். உள்ளே நன்னீர், வெளியே கடல், நடுவில் ஒன்பது மதகுகள். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்கிற மழை அங்கே வந்து சேர்கிறது. கேள்வியை எடுத்துப்போன பையன் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டான். பெருமழை பெய்தால், கடல் வற்றமாக இருக்கும்போது மதகைத் தாழ்த்தி விடுவார்கள். கடல் ஏற்றமாக இருந்தால் ஏழு பம்புகள் இறைத்து வெளியேற்றும். ஒரு பம்பு விநாடிக்கு 40 கன மீட்டர். உடனே ஒருத்தி போனில் கணக்குப் போட்டு, “ஏழும் சேர்ந்தா கிட்டத்தட்ட 9,900 கன அடி சார்” என்றாள். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று தினமும் செய்தி கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அந்த எண்ணின் அளவு அவர்களுக்கு உடனே பிடிபட்டது. மேலே புல்தரைக் கூரையில் குடும்பம் குடும்பமாகப் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளும் ஒன்று கடன் வாங்கி விட்டார்கள்.

திரும்பி வந்த திங்கட்கிழமை முதல் மூன்று நாள் பாடமே நடத்தவில்லை. கேள்வி கேட்டவரும் பதில் கொண்டுவந்தவரும் ஜோடியாக உட்கார்ந்து பேசினார்கள். தண்ணீர்க் கேள்வியை எடுத்துப்போன பையன் படம் வரைந்து மதகை விளக்கி முடித்ததும், கேள்வி கேட்ட மாணவி பென்சிலை வாங்கிப் பக்கத்திலேயே இன்னொரு படம் வரைந்தாள். “இது எங்க ஊர் ரெகுலேட்டர். இதுவும் கடல் தண்ணி உள்ளே வராம தடுக்கத்தான். ஆனா பம்பு இல்ல, மழையும் கடல் ஏத்தமும் ஒண்ணா வந்தா எங்க வயல் முங்கிடும்” என்றாள். அவன் அதைப் பார்த்ததே இல்லை. பள்ளியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்.

மார்ச் முதல் சனிக்கிழமை இரண்டு பள்ளி பஸ்களில் 78 பேரும் அங்கே போனோம். அவள் அப்பா மதகு ஏற்றி இறக்குவதைச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு வழிகாட்டி அவள்தான்.