ஜாலியன்வாலா பாக் பார்க்க எந்த பாஸும் வேண்டாம்

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்த்தே வளர்ந்தவர். கண்ணை மூடுவதற்குள் ஜாலியன்வாலா பாக் மண்ணை மிதித்துவிட வேண்டும் என்கிறார். முழங்கால் வலி உண்டு. என் கணவர் அழைத்துப்போவதாக ஏற்பாடு; அவருக்கு லீவு கிடைக்காவிட்டால் நான் போவேன். ரயில் டிக்கெட், ஜாலியன்வாலா பாக் நுழைவு பாஸ், அட்டாரி எல்லைக்கு வி.ஐ.பி. பாஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் ஏஜென்ட் பெரிய தொகை கேட்கிறார். கடைசி நேரத்தில் பெயரை மாற்றித் தருவதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. ஜாலியன்வாலா பாக்குக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது, பாஸும் கிடையாது. பாகிஸ்தான் எல்லையில் உள்ள அட்டாரியில் மாலை நேரக் கொடியிறக்க நிகழ்ச்சியை நடத்துவது எல்லைப் பாதுகாப்புப் படை. அதற்கும் கட்டணம் இல்லை. அவர்களுடைய இணையதளத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். பொற்கோயிலில் தரிசனமும் இலவசம், லங்கர் என்னும் பந்திச் சாப்பாடும் இலவசம். குண்டடிபட்டுச் செத்தவர்களின் நினைவிடத்துக்கு இல்லாத பாஸை விற்கிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் செலவு ரயிலுக்கும் தங்குமிடத்துக்கும்தான். அந்த ரயில் டிக்கெட்டில்தான் ஏஜென்ட்டின் உண்மையான கண்ணி இருக்கிறது. பலர் தங்கள் சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சொந்தக் கணக்கில் எடுத்து விற்பது சட்டப்படி குற்றம். ரத்து செய்தால் பணம் அவருடைய கணக்குக்குத்தான் திரும்பும். ரயில் தாமதமானால் குறுஞ்செய்தியும் அவருடைய போனுக்குத்தான் போகும். தட்கலில் வாங்கித் தருகிறேன் என்றாலும் நம்ப வேண்டாம். 2025 ஜூலை முதல், தட்கல் திறக்கும் முதல் அரை மணி நேரத்தில் ஏஜென்ட்டுகள் டிக்கெட் எடுக்கவே முடியாது.

பெயர் மாற்றம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முன்பதிவு கவுன்ட்டரில் வேலை பார்த்த காலத்தில், இதை நம்பி ஏமாந்து வந்து நின்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போக முடியாது. இதற்குள்ள விதிவிலக்கு குடும்பத்தினருக்கானது. டிக்கெட் உறுதியானதாக இருக்க வேண்டும். ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக, டிக்கெட், அடையாள அட்டை, உறவுக்கான சான்று ஆகியவற்றுடன் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி: இந்த உறவுகளுக்கு மட்டுமே மாற்றுவார்கள். அதுவும் ஒரே ஒரு முறைதான். மருமகள் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நீங்கள் மாற்றப்போவது உங்கள் கணவரின் பெயரை. அவருக்கு நீங்கள் மனைவி, ஆகவே உங்கள் பெயருக்கு மாறும். மாமனாரின் டிக்கெட்டில் நீங்கள் போக நினைத்தால் மாறாது. இதற்கு ஏஜென்ட் எதற்கு? உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் போதும்.

தர்மபுரி ரயில் நிலைய கவுன்ட்டரிலேயே டிக்கெட் எடுங்கள். சேலத்தில் ஏறினால் கேரளா எக்ஸ்பிரஸ் புதுடெல்லி வரை போகும். அங்கிருந்து சதாப்தியில் சுமார் 6 மணி நேரத்தில் அமிர்தசரஸ். மாமனாருக்கு மூத்த குடிமக்கள் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் தனி டிக்கெட்டாக எடுங்கள். வயது குறைந்தவரோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்றுவரை திருப்பித் தரவில்லை. மொரப்பூர்–தர்மபுரி பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், ரயில் வந்தபாடில்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத் தலைநகரம். அங்கே ரயில் நிலையமே இல்லை. முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் சேலம் வரை போய்த்தான் ஏற வேண்டும் என்பது யாருக்கும் உறுத்தவில்லை!

புதுடெல்லி ரயில் நிலைய வாசலில், “உங்கள் ரயில் ரத்து, அலுவலகத்துக்கு வாருங்கள்” என்று கூப்பிடுகிறவர்கள் பின்னால் போகவே போகாதீர்கள். அமிர்தசரஸில் சால்வைக் கடைக்கு அழைத்துப்போகும் ஆட்டோக்காரருக்குக் கடையில் கமிஷன் உண்டு.

அமிர்தசரஸில் இரண்டு முழு நாள் இருந்தால் போதும். ஜாலியன்வாலா பாக்குக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 1919 ஏப்ரல் 13 அன்று பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயரின் கவச வண்டிகள் உள்ளே நுழைய முடியாமல் நின்றது, இன்று நாம் நுழையும் அதே சந்துக்கு வெளியேதான். உள்ளே சுமார் பத்து நிமிடம், 1,650 ரவுண்டு சுட்டார்கள். இறந்தவர்கள் 379 பேர் என்றது அரசின் ஹன்டர் குழு. சுமார் ஆயிரம் பேர் என்றது காங்கிரஸ் விசாரணை. குண்டு துளைத்த சுவரையும், உயிர் தப்பக் குதித்தவர்கள் மாண்ட கிணற்றையும் மாமனார் அவசியம் பார்க்க வேண்டும். 2021இல் புதுப்பிக்கிறோம் என்று அந்தச் சந்தின் சுவர்களில் சிற்பங்களைப் பதித்து, தரையையும் மாற்றிவிட்டார்கள். வெறும் செங்கல் சுவராக விட்டிருந்தால் அந்த நெருக்கடி வருகிறவருக்குத் தானே புரிந்திருக்கும். உள்ளே பெரும்பாலும் சமதளம், உட்காரவும் இடம் உண்டு.

பொற்கோயில் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. தலையை மூட ஒரு துணி எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தைச் சுற்றிவரப் படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அங்குள்ள தொண்டர்களிடம் தயங்காமல் கேளுங்கள். அங்கிருந்து டவுன் ஹால் கட்டடத்தில் உள்ள பிரிவினை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இதற்கு மட்டும் டிக்கெட் உண்டு, திங்கள்கிழமை விடுமுறை.

அட்டாரி சுமார் 30 கிலோமீட்டர். வண்டியை விட்டு இறங்கி நெடுந்தூரம் நடந்து, படிக்கட்டு இருக்கையில் உட்கார வேண்டியிருக்கும். பை கொண்டுபோக விட மாட்டார்கள். கால் ஒத்துழைக்காது என்றால் அதை விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரின் நினைவிடமான ஹுசைனிவாலா ஃபிரோஸ்பூர் பக்கம். போகவர ஒரு நாள் முழுதும் ஆகும். கூடுதலாக ஒரு நாள் தங்கினால் மட்டும் பாருங்கள்.

டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். மே, ஜூனில் வெயில் தாங்காது. நவம்பரிலோ பிப்ரவரி கடைசியிலோ போங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். அன்றைக்குக் காலை 8 மணிக்கு, மாமனாரின் ஆதாரில் உள்ள பெயரையும் வயதையும் அப்படியே எழுதி நிரப்பிய படிவத்தோடு கவுன்ட்டரில் நில்லுங்கள்.